மூக்கரும் லிக்கரும்

கப்பலில் மொத்தம் பதினோரு பார். ஐந்தாம் நாள் மத்தியானத்துக்குள் பத்து பாரிலும் மூக்கர் சண்டை போட்டு முடித்துவிட்டார். மிச்சம் ஒன்றே ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் மனைவி தபாலம்மா வேண்டாத தெய்வம் இல்லை. ஆனால் படிக்கட்டுக்குப் படிக்கட்டு கப்பலின் படத்தை வரைந்து ஒட்டி வைத்திருக்கிறார்களே, படுபாவிகள்! எட்டாவது தளம், பின்பக்கம், நூலகத்தை ஒட்டி என்று அதிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"வா, போகலாம்," என்றார் மூக்கர்.

"ஏங்க, கால் வலிக்குதுங்க. கடலைப் பாக்கலாம்னு வந்தோம். அஞ்சு நாளாச்சு, நான் இன்னும் ஒழுங்காக் கடலைப் பாக்கல. பாட்டிலைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாது."

"விஸ்கி மட்டும் ஓடிடுமா?"

"நல்ல பர்பன் ஒண்ணே ஒண்ணு கிடைக்கட்டும். அப்புறம் நீ சொல்ற எடத்துல வந்து உக்காந்துக்கறேன்."

பர்பனாவது கிர்பனாவது! தெருவில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அறுபது வயதுவரை ஒரு சொட்டு நாக்கில் படாமல் இருந்த மனிதர். தொழில் அப்படி. தேயிலைக் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் டீயை ருசி பார்த்துத் தரம் சொன்னவர். நீள மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். கரண்டியால் மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றி, மூக்கு வழியாக மூச்சை விட்டு, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். எந்தச் சரிவில் பறித்த இலை, மழைக்கு முன்பா பின்பா, உலர்த்தும்போது காவலுக்கு இருந்தவர் தூங்கிவிட்டாரா என்பதுவரை சொல்லிவிடுவார். அதனால்தான் மூக்கர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

தபாலம்மாவுக்கும் அதே கதைதான். தபால் ஆபீசில் தந்தி கவுன்டரிலும் பார்சல் கவுன்டரிலுமாக முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவள். தெருவுக்கே தபாலம்மா.

இந்தக் கல்யாணமே ஒரு வார்த்தையால் நின்றுபோயிருக்க வேண்டியது. மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்து வர அவள் தாய்மாமா தேயிலைக் கம்பெனி வாசலுக்குப் போனார். அங்கிருந்த காவலாளி பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "எங்க சாரு காலையில எட்டு மணிக்கு லிக்கர்ல வாய் வச்சார்னா சாயங்காலம் வரைக்கும் எடுக்க மாட்டாருங்க. ஒரு நாளைக்கு நானூறு கிண்ணம்!" மாமா அங்கே தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். "பொண்ணைப் பாழுங்கிணத்துல தள்ளினாலும் தள்ளு, அந்த மொடாக்குடியனுக்குக் குடுக்காதே," என்று அக்காவிடம் குதித்தார்.

அப்போது நடுவில் புகுந்து காப்பாற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? இவளேதான். தேயிலைக் கம்பெனிக்காரர்களின் தந்தியை நாள் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தவள் அவள். "லிக்கர் அடர்த்தி, இலை சுமார்," "லிக்கர் வெளிர், வேண்டாம்" என்று வரும். வடிகட்டிய டீத்தண்ணீரைத்தான் அந்தத் தொழிலில் லிக்கர் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். "மாமா, அது வெறும் டீ!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வலியப் போய்த் தலையைக் கொடுத்தாள். அப்புறம் முப்பத்திரண்டு வருடம் தலையெழுத்தை நொந்துகொண்டு என்ன பிரயோஜனம்?

நொந்துகொள்ளாமல் என்ன செய்வாள்! காலையில் வெங்காயம் வதக்கக் கூடாது. பூண்டா, பேச்சே கிடையாது. சோப்பில் வாசனை இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன் ஆசையாகப் போட்டுக்கொண்டிருந்த சென்ட் பாட்டிலை முதல் வாரமே பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தாள். ஆபீசிலிருந்து வந்தால், பார்சலுக்கு முத்திரை வைத்த அரக்கு வாசனை விரலில் இருக்கிறது என்று வாசலிலேயே கை கழுவச் சொல்வார். கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல எங்கிருந்தாலும் தெரிந்துவிடும் அந்த மனிதருக்கு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார், அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. "நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? துவர்ப்பா, கனமா, வாசனை முன்னாடி வருதா பின்னாடி வருதா? ஒண்ணும் தெரியாதவன் சொல்ற வார்த்தை அது," என்பார். அவள் சமைத்ததையும் அவர் ஒருநாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. "புளிப்பு ஒரு நூல் கூட, உப்பு சரி," என்பார். வாழ்க்கையில் ஒருமுறை அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை இந்த மனிதர் வாயால் கேட்டுவிட்டுச் சாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஐந்து மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றார். புதுக் கம்பெனி ஒன்று அவரை விடவில்லை; தலைமை ருசிபார்ப்பவராக அடுத்த மாதம் வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டது. அதோடு விட்டார்களா? டீ டப்பா மேலேயே அவர் படத்தைப் போட்டு, 'மூக்கர் முகர்ந்தது' என்று அச்சடிக்கப் போகிறார்களாம். கப்பல் கரைக்குத் திரும்புவதற்குள் படத்துக்குச் 'சரி' என்று போனில் பதில் போட வேண்டும். மூக்கர் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பார், பதில் மட்டும் போடமாட்டார். "போட்டுத் தொலைங்களேன்," என்று இவள் நாலு தடவை சொல்லிவிட்டாள்.

புது வேலைக்குப் போகும்வரை நாக்குக்கு ஓய்வு என்று டீயைத் தொடுவதில்லை என முடிவு செய்தார். பிரிவு உபசாரத்தில் கூட வேலை பார்த்தவர்கள் பர்பன் விஸ்கியைப் பற்றி ஒரு படப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அது மக்காச்சோளத்தில் காய்ச்சுவதாம். உள்ளே கருக்கிய மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து, வெனிலா, கருகிய சர்க்கரை, மரம் என்று நாலு வாசனை கிளம்புமாம். மூக்கர் அதை உருப்போட்டார். நடுவில் ஒரு காய்ச்சல், சளி. பத்து நாள் படுத்து எழுந்தார்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் தபாலம்மாவின் வீட்டில் வசந்தம் வந்தது. மனிதர் அடங்கிவிட்டார்! ஒருநாள் மறந்துபோய்க் காலையில் வெங்காயம் வதக்கினாள். ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் வேண்டுமென்றே பூண்டு, மூச்சுப் பேச்சில்லை. துணிந்து கடைக்குப் போய், முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் விட்ட அதே சென்ட்டை வாங்கி மணிக்கட்டில் தடவிக்கொண்டாள். அதற்கும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பால் அடிப்பிடித்துக் கருகி வீடே நாறியது. அடுப்புக்கு நாலடி தள்ளிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மனுஷனா கல்லா நீங்க?" என்று கத்தினாள். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஓய்வு பெற்றதும் சாதுவாகிவிட்டார் என்று மகளிடம்கூடப் போனில் சொன்னாள். மகள்தான் இருவரையும் கப்பலில் ஏற்றிவிட்டாள்.

சாதுவாவது! முதல் நாள், முதல் பார். தாடிக்காரர் படம் போட்ட பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். மூக்கர் கிளாசை மூக்கடியில் வைத்து ஒரு நிமிடம் நின்றார். முகம் சுருங்கியது.

"இதுல ஒண்ணுமே இல்லையே. ஸ்பிரிட்ல சாயம் கலந்து குடுக்கறீங்களா?"

இரண்டாவது பாரில் பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்றார். நான்காவதில் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்றார். ஆறாவதில் "இங்க நல்ல சரக்கே கிடைக்காதா?" என்று கூச்சல் போட, பக்கத்து மேசைக்காரர் ஒருவர், "சார், சரக்கு வேணும்னா சரக்குக் கப்பல்ல போகணும். இது ஆளுங்க போற கப்பல்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தபாலம்மாவுக்கு மானமே போயிற்று.

ஒன்பதாவதில் அவளுக்கே பொறுக்கவில்லை. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! ஒன்பது பார்க்காரனும் திருடன், நீங்க மட்டும்தான் யோக்கியமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மூக்கர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது வேறு மாதிரிப் பார்வை.

இப்போது பதினோராவது பார். நாலு ஸ்டூல், இரண்டு மேசை. ஐம்பது வயது மதிக்கத்தக்க பார்க்காரர் கவுன்டருக்குப் பின்னால் இருந்த வட்டக் கண்ணாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவர் தோள் தொங்கிப்போனது. செய்தி எட்டாவது தளம்வரை வந்துவிட்டது போல.

"வாங்க சார். பர்பனா?" என்றார் பெருமூச்சோடு.

"நல்ல பர்பன். இருக்கறதுலயே நல்லது. சாயத்தண்ணி வேண்டாம்."

பார்க்காரர் தாடிக்காரர் பாட்டிலைத் தொட்டார். தொட்ட கையை எடுத்தார். குனிந்து, தான் வேலை நேரத்தில் குடிக்க வைத்திருந்த ஸ்டீல் பிளாஸ்கைத் திறந்து ஒரு கிளாசில் ஊற்றினார். ஒரு ஐஸ் துண்டைப் போட்டார். "இது வெளியில வைக்கறதில்ல சார். உங்களுக்காக," என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நீட்டினார்.

மூக்கர் தொழில்முறைப்படி சர்ரென்று உறிஞ்சினார். நூலகத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வாயில் சுழற்றினார். கண்ணை மூடினார். விழுங்கினார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று தபாலம்மா அப்போதுதான் யோசித்தாள்.

"நல்லா இருக்கு," என்றார் மூக்கர்.

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னேன். தொண்டையில இறங்கறதே தெரியல. நாக்கைக் கவ்விப் புடிக்குது பாரு, இது சரக்கு!"

முப்பத்திரண்டு வருடம் காத்திருந்து காதில் கேட்ட வார்த்தை. ஆனால் அது இந்த மனிதர் சொல்கிற வார்த்தையே இல்லையே! கிளாசை அவர் கையிலிருந்து பிடுங்கி முகர்ந்தாள்.

டீ. வெறும் டீ. அதுவும் மட்டமான டீ, கொதிக்கக் கொதிக்க விட்டு இறக்கிய ஆறிப்போன, பால் விடாத கட்டன் டீ. மூக்கரின் முதுகுக்குப் பின்னால் பார்க்காரர் இரண்டு கையையும் கூப்பி, காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார். நல்லா வேணும் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. நானூறு கிண்ணம் லிக்கரை ஒரே நாளில் பிரித்துச் சொன்னவருக்கு டீ தெரியவில்லை. கருகிய பால் தெரியவில்லை. வெங்காயம் தெரியவில்லை. தன் மணிக்கட்டில் இருக்கும் சென்ட் தெரியவில்லை. இவர் எங்கே சாதுவானார்? இவருக்கு மூக்கு போய்விட்டது. அது போனதை வசந்தம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தேனே, நான் ஒரு மடைச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள். "இது டீ."

மூக்கர் கிளாசைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் இன்னொரு தரம் முகர்ந்து பார்த்திருப்பார்கள். அவர் கவுன்டர்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அவள் மணிக்கட்டை நீட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார், மூக்கருகே கொண்டுபோகவில்லை.

"என்ன போட்டிருக்க?"

"சென்ட்."

"எப்பலேருந்து?"

"ரெண்டரை மாசமா."

"வெங்காயம்?"

"அதுவும்."

"காலையிலயா?"

"காலையிலதான்."

மூக்கர் தலையை ஆட்டிக்கொண்டார். "காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே வரல. சளி எறங்கினா வந்துடும்னு நெனச்சேன். அப்புறம் சாமானெல்லாம் மட்டமாயிடுச்சுன்னு நெனச்சேன். டீயைத் தொட பயம். இந்த பர்பனுக்கு வாசனை தூக்கலா இருக்கும்னு புஸ்தகத்துல போட்டிருந்தான். பதினோரு பார் இருக்கே, ஒரு பார்லயாவது வந்துடாதான்னு பாத்தேன்."

"பத்து பேரைத் திருடன்னு சொல்ல வாய் வந்துச்சு, பொண்டாட்டிகிட்ட சொல்ல வரலையா?" தபாலம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது. "நாலு அடி தள்ளித்தானே படுத்திருக்கேன்!"

"சொல்லிட்டா அது நெஜமாயிடுமே."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும்தான் கண்டுக்கல," என்றாள். "நீங்க கொறை சொல்லாம இருந்தது எனக்குச் சௌகரியமாப் போச்சு. ஏன்னு ஒரு நாள்கூடக் கேக்கல. எறங்கினதும் டாக்டர்கிட்ட போவோம். திரும்பி வந்தாலும் வரும்."

"வந்தா வரட்டும். அதுவரைக்கும் என் மூஞ்சிய டப்பால போட்டு விக்கக் கூடாது." போனை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "நீ எழுது. தந்தி மாதிரி. உனக்குத்தான் வரும்."

பிறந்தது, செத்தது, வேலை கிடைத்தது என்று எத்தனையோ பேருக்குச் சுருக்கி எழுதிக் கொடுத்தவள்தான். இதை இரண்டு தடவை அழித்து எழுதினாள். 'மூக்குக்கு வாசனை தெரியவில்லை. படம் அச்சிட வேண்டாம்.' ஆறு வார்த்தை. மூக்கர் படித்தார். ஒன்றும் திருத்தவில்லை. அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

பார்க்காரர் இதுவரை அசையவில்லை. இப்போது மெல்ல வந்து, "சார், மன்னிச்சுக்கோங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. பத்து பேரும் சொன்னாங்க, அதான் விளையாட்டா..." என்று தடுமாறினார். தாடிக்காரர் பாட்டிலிலிருந்து ஒரு கிளாசில் ஊற்றி வைத்தார். "இதான் சார் எங்ககிட்ட இருக்கறதுலயே ஒசத்தி. முதல் பார்லயும் இதையேதான் குடுத்திருப்பாங்க."

மூக்கர் அதைத் தொடவில்லை. மனைவி பக்கம் நகர்த்தினார்.

"நீ குடிச்சுச் சொல்லு."

"ஐயோ, நானா? எனக்கு எதுக்குங்க இந்தக் கர்மம்!"

"ஒரு வாய். நான் தெரிஞ்சுக்கணும்."

தபாலம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கப் போனாள். "மூக்கை விடு!" என்று அதட்டினார். விட்டாள். ஒரு வாய் உள்ளே போனதும் இருமி, கண்ணில் நீர் வந்து, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாள்.

"எரியுதுங்க!"

"எரியறது எனக்கும்தான் தெரியுது. வாசனையச் சொல்லு."

"நல்லா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா?" மூக்கரின் புருவம் பழையபடி ஏறியது.

உயிரை வாங்குகிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கண்ணை மூடி, கிளாசை மூக்கடியில் வைத்து, அவர் செய்வதுபோலவே நின்றாள். "எங்க ஆபீஸ் அலமாரி. அரக்கு வச்சிருப்போமே, அந்த மர அலமாரி. தொறந்தா மரமும் அரக்கும் சேந்து வரும், அதுதான். அப்புறம் சர்க்கரைப் பாகு அடிப்பிடிச்சா வருமே, அதுவும் லேசா."

"அரக்கு உருக்கினதா, உருக்காததா?"

"உருக்கி, முத்திரை வச்சு, ஆறினது."

மூக்கர் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த வாசனையோடு வந்த விரல்களைத்தான் இத்தனை வருடம் வாசலில் நிறுத்திக் கழுவச் சொன்னார்.

"அப்போ சரியான சரக்குதான்," என்றார். "முதல் நாளே கிடைச்சிருக்கு."

வட்டக் கண்ணாடிக்கு வெளியே கடல் கிடந்தது. இரண்டு பேரும் கொஞ்சநேரம் அதைப் பார்த்தார்கள். அவள் கையை அவர் மறுபடி பிடித்துக்கொண்டார்.

"இந்த சென்ட்?" என்றார். "இது என்ன வாசனை? கல்யாணத்துக்கு முன்னாடி போட்டிருந்தியே, அதுவா?"

"அதேதான்."

"மறந்துபோச்சு. சொல்லு."

"அதையும் நான்தான் சொல்லணுமா? இனிமே எல்லாத்துக்கும் என் உயிரைத்தான் வாங்கப் போறீங்க," என்றாள் தபாலம்மா. பிறகு மணிக்கட்டைத் தன் மூக்கருகே கொண்டுபோய், நிதானமாக, ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.